அத்தியாயம் 6: இளந்தம்பதிகளும் மன ஆலோசனையும்

முந்தைய அத்தியாயங்களில் அறுவை, கீமோ, கதிர்வீச்சு ஆகிய சிகிச்சைகளின் முறையையும் அவற்றுக்கு ஆகும் செலவையும் விவரித்தோம். அச்சிகிச்சைகள் நடைபெறும் மாதங்களில் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, ஒரே அடுப்பில் சமைத்து உண்டு, ஆயினும் ஒருவரிடம் ஒருவர் மனத்தைத் திறந்து பேச வகை தெரியாமல் உள்ளுக்குள் உருகிக்கொண்டிருக்கும் இளம் கணவன் மனைவியரின் பொருட்டு இவ்வத்தியாயம் எழுதப்படுகிறது. மன ஆலோசனை என்றால், மற்ற வைத்தியமெல்லாம் முடிந்து, மனமும் அறவே ஓய்ந்துபோன பிறகு நாடிச் செல்லும் கடைசிப் புகலிடம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். நோய் இன்னதென்று தெரிந்த முதல் வாரத்திலேயே, ஸ்கேனுக்கு நாள் கேட்கும் அதே வாயால், இருவரும் சேர்ந்து கேட்டுப் பெற வேண்டிய சிகிச்சை அது என்பதே எமது அபிப்பிராயம்.

15 வயது முதல் 39 வயது வரையுள்ள புற்றுநோயாளிகளை மேல்நாட்டு மருத்துவர்கள் தனிப் பிரிவாக வைத்துக் கவனிக்கிறார்கள். அதற்குத் தக்க காரணம் உண்டு. அறுபது வயதில் நோய் கண்டால், நாற்பதாண்டுத் தாம்பத்தியம் கற்றுத் தந்த பொறுமையும், ஆளான பிள்ளைகளின் துணையும் கைகொடுக்கும். இருபத்தேழு வயதில் கண்டாலோ, கல்யாணக் கடனே அடையாமலிருக்கும், கைக்குழந்தை பால் கேட்டு அழும், அல்லது குழந்தை இன்னும் பிறக்காமலே ஊரார் கேள்வி பிறந்திருக்கும், கணவனும் மனைவியும் ஒருவர் சுபாவத்தை ஒருவர் அப்போதுதான் அறியத் தொடங்கியிருப்பார்கள். சண்டை போட்டுச் சமாதானமாகும் வழியைக்கூடச் சரிவரக் கற்றிராத இருவர்மீது இத்தனை பெரிய பாரம் வந்து விழுமானால், அதைச் சுமக்கும் வித்தையைச் சொல்லித்தர ஒருவர் வேண்டுமென்பதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

திருப்பூரில் இந்தச் சங்கடத்துக்கு வேறொரு முகமும் உண்டு. இங்கே பனியன் கம்பெனியில் கணவன் ஓவர்லாக்கிலோ பேட்லாக்கிலோ உட்கார, மனைவி செக்கிங்கிலோ பேக்கிங்கிலோ நிற்க, இருவர் சம்பளமும் சனிக்கிழமை மாலை ஒன்று சேர்ந்தால்தான் வாடகையும் சீட்டுப் பணமும் மளிகைக் கடன் பாக்கியும் தீரும். பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு வராத நாள் என்றால் கூலியில்லாத நாள், ஷிப்மெண்ட் நெருங்கும் வாரத்தில் ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்கு வீடு திரும்புகிறவரிடம், "உன் மனத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்கவும் மனைவிக்கு மனம் வராது. மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கமிருந்து பிழைப்புக்கு வந்து அனுப்பர்பாளையத்திலோ ராயபுரத்திலோ காம்பவுண்டு வீட்டின் ஒற்றை அறையில் குடியிருப்பவர்களுக்கு, அண்டை வீட்டார் காதில் விழாமல் அழுவதற்குக்கூட இடமில்லை. உள்ளூர்க் குடும்பமானால் இடமுண்டு. ஆனால் மாமனார், மாமியார், பங்காளிகள், சீர் செய்த பிறந்த வீட்டார் என எல்லோருக்கும் அபிப்பிராயம் சொல்ல உரிமையும் உண்டு. ஆகவே இவ்வூரில் இளந்தம்பதிகளுக்கு முதலில் வேண்டுவது, இருவர் மட்டும் இருக்கும் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை நியாயமான காரணத்தோடும், யாரும் குறை சொல்ல இயலாதவாறும் பெற்றுத் தருவது ஆலோசகரின் அறையே.

இனி, இருவருக்கும் நேரும் தீங்குகளில் தலையாயதைச் சொல்வோம். கணவனுக்கு வருத்தம் தரலாகாதென்று மனைவி தன் பயத்தை மறைக்கிறாள். மனைவி கலங்கலாகாதென்று கணவன் தன் பயத்தை மறைக்கிறான். இருவர் செய்வதும் அன்பினால்தான். ஆயினும் நாளடைவில் அவள், "இவருக்கு என்மேல் அக்கறையே இல்லை, கல்லாக இருக்கிறாரே" என்றும், அவன், "இவளிடம் எதைச் சொன்னாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாளே" என்றும் எண்ணத் தலைப்படுகிறார்கள். துணைவரைக் காப்பதாக நினைத்துக் கவலையை ஒளிக்கும் இவ்வழக்கத்தை உளவியலார் பல நாடுகளில் ஆராய்ந்து, ஒளிப்பவருக்கும் அதனால் மனச்சோர்வு மிகுவதைக் கண்டிருக்கிறார்கள். நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி முறிந்தால் அதன் கோடு துணியின் நீளம் முழுவதும் இறங்கிக்கொண்டே போவதையும், மெஷினை நிறுத்தி ஊசியை மாற்றாதவரை எத்தனை கிலோ ஓட்டினாலும் அத்தனையும் பழுதாவதையும் இவ்வூரார் அறிவார்கள். பேசாமல் விட்ட ஒரு பயம் அவ்விதமே குடும்பத்தின் எல்லா நாட்களிலும் கோடாக இறங்கும்.

மெஷினை நிறுத்துவது எப்படி? வீட்டிலேயே தொடங்கலாம். மருத்துவமனைகளில் நோயாளியின் மனவேதனையை அளக்க ஓர் எளிய சாதனம் வழங்கிவருகிறது. காய்ச்சல்மானியின் படம் ஒன்றை வரைந்து, அடியில் 0 என்றும் உச்சியில் 10 என்றும் குறித்து, "சென்ற ஒரு வாரத்தில் உங்கள் வேதனை எவ்வளவு?" என்று கேட்பார்கள், 4 அல்லது அதற்கு மேல் குறிப்பவரை ஆலோசகரிடம் அனுப்புவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கணவனும் மனைவியும் தனித்தனிக் காகிதத்தில் தத்தம் எண்ணை எழுதி, மாற்றிக்கொண்டு படிக்க வேண்டும். நோயாளி 3 என்றும் துணைவர் 8 என்றும் எழுதியிருப்பது அபூர்வமன்று. அவ்வெண்ணைப் பற்றி விவாதம் வேண்டாம், "எதனால் எட்டு?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை குறுக்கே பேசாதிருத்தல் போதும். "ஏனுங்க, எனக்கு ஆபரேஷனை நினைச்சாப் பயமா இருக்குதுங்க" என்று அவள் சொன்னால், "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது, சும்மா இரு" என்று உடனே மூடிவிடுவதைவிட, "எனக்குந்தான் பயமா இருக்குது அம்மிணி, சொல்லு கேக்கறேன்" என்பது ஆயிரம் மடங்கு ஆறுதல். தைரியம் சொல்வதில் நம் ஆண்கள் மகா நிபுணர்கள். செவி கொடுப்பதில்தான் பயிற்சி போதாது.

வீட்டில் செய்ததோடு நில்லாமல் ஆலோசகரை நாட வேண்டும். யாரை நாடுவது? மருந்து கொடுக்கும் தகுதியுடையவர் மனநல மருத்துவர். பேச்சினாலும் பயிற்சியினாலும் சிகிச்சை செய்பவர் மருத்துவ உளவியலாளர். இவர் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றவராக இருத்தல் வேண்டும். குடும்ப நிலை, பண உதவி, காப்பீடு ஆகியவற்றை அறிந்து வழிகாட்டுபவர் மருத்துவ சமூகப் பணியாளர். புற்றுநோயாளிகளின் மனத்தையே தனித்துறையாகக் கற்றவர்களும் உண்டு. அத்துறையைச் சைக்கோ ஆன்காலஜி என்பார்கள். நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில் 1977இல் ஜிம்மி ஹாலண்ட் என்னும் பெண் மருத்துவர் மனநலப் பிரிவை ஏற்று நடத்தத் தொடங்கியதிலிருந்து இத்துறை வேர் பிடித்தது. நம் நாட்டில், தம் தங்கையை 1923இல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் உருவான சென்னை அடையாறு புற்றுநோய் நிலையத்தில் இதற்கென்றே தனிப் பிரிவு இயங்கிவருகிறது. தங்கையின் கட்டிலருகே உட்கார்ந்து துயரப்பட்ட ஒருவர் எழுப்பிய நிலையத்தில், நோயாளியின் அருகில் உட்கார்ந்திருப்பவரின் துயரத்துக்கும் இடம் கிடைத்தது பொருத்தமே.

திருப்பூரிலிருந்து பெரும்பாலோர் சிகிச்சைக்காகச் செல்வது கோவைக்கு. அங்கேயுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலாகட்டும், பெரிய தனியார் மருத்துவமனைகளிலாகட்டும், புற்றுநோய் மருத்துவரிடம், "எங்கள் இருவருக்கும் கவுன்சிலிங் வேண்டும், யாரிடம் எழுதித் தருகிறீர்கள்?" என்று வெளிப்படையாகக் கேளுங்கள், கேளாதவருக்கு அவராக எழுதித் தருவதற்கு அவருக்கு நேரமிராது. திருப்பூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவையும், மாவட்ட மனநலத் திட்டத்தாரையும் அணுகலாம். தனியே ஒரு நாள் லீவு போட்டு ஆலோசனைக்குப் போவது கூலி வேலைக்காரருக்குச் சாத்தியமன்று. எனவே கீமோ ஏற்றும் நாளிலேயே, மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும் மணிநேரங்களில் ஆலோசகரை நாற்காலிக்கே வரச் சொல்ல முடியுமா என்று விசாரிப்பதும், அடுத்தடுத்த சந்திப்புகளை ஞாயிற்றுக்கிழமையோ மாலையிலோ செல்போன் வீடியோவில் வைத்துக்கொள்ளக் கேட்பதும் நல்ல உபாயம். ரயிலில் செல்பவர்கள், புற்றுநோயாளிக்கும் உடன்செல்லும் ஒருவருக்கும் கட்டணச் சலுகை உண்டென்பதையும், அதற்கு மருத்துவமனைச் சான்று வேண்டுமென்பதையும் நினைவில் வைக்கவும். மந்திரம், சக்தி அலை, மனோவசியம் என்று சொல்லிக் கீமோவை நிறுத்தச் சொல்கிறவர் எவரானாலும், அவர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும், அன்றே அவரை விட்டு விலகுங்கள்.

ஆலோசகரின் அறைக்குள் என்ன நடக்குமோ என்ற அச்சமே பலரை வாசலோடு திருப்பி அனுப்புகிறது. நடப்பது இதுதான். வழக்கமாக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். முதலில் இருவரையும் சேர்த்துப் பார்ப்பார், பிறகு தேவைக்கேற்ப ஒவ்வொருவரையும் தனித்தனியாக. நோய் வந்த கதையை இருவர் வாயாலும் கேட்பார். ஒரே சம்பவத்தை இருவரும் எத்தனை வேறுவிதமாக நினைவில் வைத்திருக்கிறார்கள் என்பது அங்கேதான் வெளியாகும். பிறகு, ஒருவர் பேச மற்றவர் கேட்டு, கேட்டதைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்லும் பயிற்சி; உறக்கமும் மூச்சும் சீர்ப்படப் பயிற்சி; அடுத்த ஸ்கேன் முடிவு வரும் நாள்வரை பொழுதைக் கடத்தும் ஏற்பாடு. நீங்கள் சொல்லும் இரகசியத்தை மாமியாருக்கோ முதலாளிக்கோ சொல்ல அவருக்கு உரிமையில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்தரங்கத்தைக் காக்கும் உரிமையை உங்களுக்கு அளித்திருக்கிறது. மனநல மருத்துவரைப் பார்த்தால் பைத்தியக்காரப் பட்டம் கட்டுவார்களே என்பவருக்கு ஒரு வார்த்தை: புற்றுநோய்ச் சிகிச்சையின் பகுதி என்று சொல்லுங்கள், அது பொய்யும் அன்று.

இப்போது நம் நூல்கள் பெரும்பாலும் தயங்கி ஒதுங்கும் விஷயத்துக்கு வருவோம். பிள்ளைப்பேறு பற்றிய பேச்சுக்குக் கெடு உண்டு. அது முதல் கீமோ ஏறும் நாள். பல கீமோ மருந்துகளும், இடுப்புப் பகுதியில் வைக்கும் கதிர்வீச்சும் ஆண் பெண் இருபாலாரின் கருவளத்தையும் குறைக்கவோ அழிக்கவோ கூடும். ஆணின் விந்தைச் சேமித்து உறையவைக்க ஓரிரு நாள் போதும். பெண்ணின் கருமுட்டையையோ கருவையோ சேமிக்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். அத்தனை நாள் சிகிச்சையைத் தள்ளிப்போடலாமா என்பதைப் புற்றுநோய் மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற கருத்தரிப்பு மையத்தில் மட்டுமே இதைச் செய்துகொள்ள வேண்டும். உங்கள் எழுத்துபூர்வமான சம்மதமும் வேண்டும். "உயிர் பிழைத்தால் போதும், பிள்ளையைப் பற்றி இப்போது என்ன?" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். ஐந்தாண்டு கழித்து உயிர் பிழைத்திருக்கும் அந்த இளம்பெண்ணிடம், "ஏன் இன்னும் விசேஷம் இல்லை?" என்று கேட்கப்போகிறவர்களும் அவர்களேதான்.

சிகிச்சைக் காலத்தில் கருத்தரித்தல் கூடாது. மருத்துவர் சொல்லும்வரை ஆணுறை அவசியம். ரத்த அணுக்கள் மிகவும் குறைந்திருக்கும் நாட்களில் உடலுறவைத் தவிர்க்கச் சொல்வார்கள், கேட்டு நடக்கவும். புற்றுநோய் தொடுவதாலும், முத்தத்தாலும், ஒரே தட்டில் உண்பதாலும் தொற்றாது. வெளியிலிருந்து கருவியால் "கரண்ட் வைத்த" உடம்பிலிருந்து அணைத்தவருக்கோ குழந்தைக்கோ கதிர் பாய்வதில்லை. இத்தனை தெரிந்த பிறகும் நோயாளிக்கெனத் தனித் தட்டும் தனிப் பாயும் ஒதுக்கும் வீடுகள் உள்ளன. அவ்வீடுகளில் நோயைவிடப் பாய்தான் அதிகம் வலிக்கும். மார்பகம் எடுக்கப்பட்ட பெண் கணவன் பார்வைக்குக் கூசுவாள்; அவள் கூசுகிறாளே என்று கணவன் விலகிப் படுப்பான்; அவன் அருவருக்கிறான் என்று அவள் முடிவு கட்டுவாள். மாஸ்டர்ஸ், ஜான்சன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் 1970இல் வெளியிட்ட நூலில் விவரித்த ஒரு முறையை ஆலோசகர்கள் இங்கே கையாள்வதுண்டு. உறவு கொள்வதில்லை என்று முன்கூட்டியே இருவரும் ஒப்புக்கொண்டு, முதலில் கை, தோள், முதுகு எனத் தொடுதலை மட்டும் மெல்ல மீட்டெடுக்கும் முறை அது. வடு இருக்கும் இடத்தை எப்போது பார்ப்பது, யார் முதலில் தொடுவது என்பதையெல்லாம் அவள் சொல்லுக்கே விட வேண்டும். தையல் தொழிலே ஊர்த்தொழிலாக இருக்கும் இடத்தில் இன்னொன்றும் எளிது: மிருதுவான பருத்தி இன்டர்லாக் துணியில் தலைமுடி உதிர்ந்தவர்க்குத் தொப்பியும், செயற்கை மார்பை வைக்க உட்புறம் பை வைத்த உள்ளாடையும், கை தூக்காமல் போடும்படி முன்புறம் திறக்கும் சட்டையும் கணவனே தைத்துக் கொடுக்கலாம். ஆயிரமாயிரம் பீஸ் அயல்நாட்டுக்குத் தைத்தவர், ஒரு பீஸ் வீட்டுக்குத் தைக்கட்டுமே.

வெளியூர்க் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2009இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, கடுமையான நோய் கண்ட 515 பேரின் மணவாழ்வைத் தொடர்ந்து பார்த்தது. நோயாளி ஆணாக இருந்த குடும்பங்களில் 2.9 சதவீதமும், நோயாளி பெண்ணாக இருந்த குடும்பங்களில் 20.8 சதவீதமும் பிரிந்துபோயின. நம் ஊரில் விவாகரத்து என்ற பெயரே அடிபடாமல் அதே காரியம் நடைபெறும் விதம் உண்டு: "கொஞ்ச நாள் அம்மா வீட்டில் இருந்து உடம்பைத் தேற்றிக்கொண்டு வரட்டும்" என்று அனுப்பிவைத்து, அழைத்துவர ஆள் அனுப்பாமல் விட்டுவிடுவது. தாய்வீட்டுக்குச் செல்வதே தவறென்று சொல்லவில்லை. கைக்குழந்தையும் கீமோவும் ஒருங்கே இருக்கையில் தாயின் கை பெரும் சகாயம். ஆனால் போகும் தேதியோடு வரும் தேதியையும் ஆலோசகர் முன்னிலையில் இருவரும் பேசி முடிவு செய்துவிட வேண்டும். கணவன் வாரம் ஒரு நாளாவது அங்கே போய்த் தங்க வேண்டும். மாமியாரையும் ஒரு சந்திப்புக்கு அழைத்துச் செல்வது விவேகம். மருமகளுக்கு நோய் வந்தது அவள் வந்த நேரத்தாலா, சாயத் தண்ணீராலா, செய்த பாவத்தாலா என்ற விசாரணை நடக்கும் வீட்டில், எந்தத் தனி மனிதர்க்கும் இன்ன காரணத்தால்தான் வந்தது என்று பெரும்பாலும் எந்த மருத்துவராலும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது என்பதை வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் வாயால் கேட்பதற்கு ஒரு தனி மகிமை உண்டு.

பணத்தைப் பற்றிய சச்சரவே பாதி மனவேதனை என்பதால் சுருக்கமாக இரண்டு விஷயம். ஈ.எஸ்.ஐ.யில் இன்சூர் செய்யப்பட்டவரே நோயாளியானால், சாதாரண நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். புற்றுநோய் நீடித்த நோய்களின் பட்டியலில் இருப்பதால், இரண்டாண்டு தொடர்ந்து வேலையில் இருந்து உரிய நாட்களுக்குச் சந்தா செலுத்தியவர்க்கு அதன் பிறகு 80 சதவீதமாக உயர்ந்து இரண்டாண்டுவரை நீடிக்கக்கூடும். நோயாளி தன் பெயரில் இன்சூர் ஆகாமல், துணைவர் மட்டும் ஆகியிருந்தால் வைத்தியம் உண்டு, இந்தப் பணம் இல்லை, "எதற்கு அந்தப் பிடித்தம்?" என்று மனைவியைக் கான்டிராக்டில் பெயரில்லாமல் வேலைக்கு விடுகிறவர்கள் இதை யோசிக்கட்டும். ஈ.எஸ்.ஐ. இல்லாத, வருமான வரம்புக்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்வரை உதவுகிறது. இந்தக் காகிதங்களைச் சேகரிக்கும் வேலையை நோயாளியின் தலையில் போடாதீர்கள். சமூகப் பணியாளரிடம் துணைவர் போய் உட்கார்ந்து முடிக்கலாம்.

கவனித்துக்கொள்பவரும் வீழ்வதுண்டு. பகலில் தைத்து, இரவில் விழித்து, சோறு இறங்காமல், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஷிப்டுக்குப் போகிற கணவன் திடீரெனக் குடிக்கத் தொடங்கினால், அதைக் கெட்ட புத்தி என்று மட்டும் கருதாமல், சிகிச்சை தேவைப்படும் இரண்டாம் நோயாளி அவன் என்று கொள்க. இரு வாரத்துக்கு மேல் உறக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, "நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நிம்மதி" என்ற பேச்சு ஆகியவை தென்பட்டால் அடுத்த செக்கப் வரட்டும் என்று காத்திராமல் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்; அதுவரை அவரைத் தனியே விடலாகாது. நடு இரவானாலும் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் சேவையை அழைக்கலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இச்சேவை இருபத்துநான்கு மணி நேரமும் தமிழில் கிடைக்கிறது, அழைப்புக்குக் கட்டணமில்லை, நோயாளி, துணைவர் இருவரில் யார் வேண்டுமானாலும் பேசலாம்.